பதினான்காம் வரிசையில் புகை

மார்ச் 2
விடுமுறை முடிந்தது. திருத்தங்கலில் பஸ் ஏறும்வரை அம்மாவின் குரல் காதிலேயே இருந்தது. சிவகாசி ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ் அவள். நான் விமானப் பணிப்பெண்ணாகி இரண்டு வருஷமாகியும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை.
“பட்டாசு கம்பெனின்னாலும் ஓட இடம் இருக்கும் ஜெஸ்லின். ஆகாசத்துல தீப்பிடிச்சா எங்கன ஓடுவ? வேலைய விட்டுட்டு வா.”


மார்ச் 9
சென்னை, கோவை, மறுபடி சென்னை. கால் வலி.

மார்ச் 14
இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து மதுரைக்குப் பறந்துகொண்டிருந்தோம். பதினான்காம் வரிசைக்கு மேலே, பை வைக்கும் மூடி போட்ட தட்டின் இடுக்கிலிருந்து புகை. யாருடைய பையிலோ இருந்த பவர் பேங்க். பிளாஸ்டிக் கருகும் நாற்றம், கண் எரிச்சல். ஒருவர் எழுந்து தட்டைத் திறக்கப் போனார்.
“தொடாதீங்க! முன்னாடி போங்க!” — என் குரல்தானா அது?

என் கூட்டாளி ஜெனிட்டா கேப்டனுக்குச் சொல்லிவிட்டு, புகைக் கவசத்தைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டினாள். தட்டைக் கொஞ்சமாகத் திறந்து தீயணைப்பானைப் பீய்ச்சினேன். மூடினேன். புகை அடங்கியதும் ஜெனிட்டா தண்ணீர்ப் பாட்டில்களை ஒவ்வொன்றாக நீட்ட, பையின் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஊற்றுவதை நிறுத்தினால் மறுபடி பற்றிக்கொள்ளும். மற்ற பணிப்பெண்கள் பயணிகள் எல்லோரையும் குனிய வைத்து, மூக்கைப் பொத்த ஈரத்துணி கொடுத்தார்கள். ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அம்மா, எங்கன ஓட? எல்லாரும் இங்கனதானே இருக்காக...

கேப்டன் விமானத்தை அவசரமாகத் திருச்சியில் இறக்கிவிட்டார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. என் இரண்டு விரல்களில் மட்டும் கொப்புளம். கர்த்தரே, ஸ்தோத்திரம். ஜெனிட்டாவுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவளும் அழுதாள்.

இறங்கும்போது, முதன்முதலாக விமானம் ஏறிய சாத்தூர்க்கார அம்மா ஒருவர், சண்முகத்தாய் என்று பேர், என் கன்னத்தைத் தடவி, “நல்லா இருப்ப தாயி. ஒங்க வீடு எங்கன?” என்று கேட்டார். சொன்னேன்.

மார்ச் 16
வீட்டில் இருக்கிறேன். அம்மா கட்டு மாற்றினாள். திட்டவில்லை. எத்தனையோ பேருக்கு மருந்து போட்ட கை, இன்று என் கட்டை மூன்று முறை அவிழ்த்துக் கட்டியது.

மார்ச் 20
சண்முகத்தாய் அம்மா மகனோடு வந்திருந்தார். இருக்கன்குடி மாரியம்மன் கோயில் குங்குமமும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தார். அம்மா இரண்டு கையாலும் வாங்கி, வேதாகமத்தின் பக்கத்தில் வைத்தாள்.

“ஒங்க மக இல்லன்னா நாங்க இல்லம்மா” என்றவர், தயங்கிக் கேட்டார்: “இனியும் பிள்ளைய வேலைக்கு அனுப்புவீகளா?”

நான் அம்மாவைப் பார்க்கவில்லை.

“அனுப்பாம?” என்றாள் அம்மா. “ஏறுறவுகளுக்கு ஆள் வேணும்ல.”

காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். சீனி போட்டேனா என்று நினைவில்லை. மூவரும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள்.