யாரும் இல்லாத மாடிக்கு வந்த பில்

மார்ச் 3, செவ்வாய்
மாடி வீட்டுக்கும் கரண்ட் பில் வந்திருக்கிறது. தம்பி சாவியை என் முன்னால் வீசிவிட்டுப் போய் ஒன்றரை வருடம். பூட்டிக் கிடக்கும் வீட்டில் யார் விளக்குப் போட்டது? பில்லெல்லாம் என் கணவர் பாடு. வேலையாக வெளியூர் போயிருப்பதால் என் கையில் சிக்கியது.

மார்ச் 4
அவனிடம் இன்னொரு சாவி இருக்கும். நான் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பியதும் வந்து, ஃபேன் போட்டுப் படுத்துவிட்டுப் போகிறான். அக்கா முகத்தில் முழிக்க மாட்டான், அக்கா வீட்டு ஃபேன் மட்டும் வேண்டும். ஆத்திரத்தில் எழுதி அனுப்பிவிட்டேன்: "திருட்டுத்தனமா வந்துட்டுப் போறியா?"

அப்பா போன பிறகு அவனுக்கு நான் எழுதிய முதல் வரி இது.

மார்ச் 5
"நான் வரலக்கா. என்கிட்ட சாவி கிடையாது."
அக்கா என்று எழுதியிருக்கிறான்.

மார்ச் 7, சனி
மின் அலுவலகத்தில் போய்ச் சண்டை பிடித்தேன். கவுன்டரில் இருந்த அம்மா நிதானமாக பில்லை என் பக்கம் திருப்பி வைத்தார். "யூனிட் எவ்வளவுன்னு படிங்க."

பூஜ்யம். டாக்டர்களின் கிறுக்கலையே படிப்பவள், கீழே இருந்த மொத்தத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். அசடு வழிந்தது.

"அப்ப இந்தப் பணம் எதுக்கு?"

"விநியோகக் கட்டணம்மா. கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், ரிப்பேருக்கு ஓடுற ஆளு, எல்லாத்துக்கும். நீங்க சுவிட்சைப் போடாட்டியும் கம்பி உங்க வீடு வரைக்கும் வந்து நிக்குதுல்ல. வேண்டாம்னா எழுதிக் குடுங்க, துண்டிச்சிடலாம். திரும்ப வேணும்னா முதல்லேர்ந்து வரணும்."

படிவத்தை வாங்கி வந்தேன்.

மார்ச் 8
எரியாத விளக்குக்குப் பணம் கட்டுவது கிறுக்குத்தனம் இல்லையா? ஆனால் போன மழையில் கம்பம் சாய்ந்தபோது நனைந்துகொண்டே ஏறினார்களே, அவர்களுக்கு யார் கொடுப்பது? நான் அன்று விளக்கே போடவில்லை என்று சொல்லலாமா? சரி, நியாயம்தான்.

இவருக்குப் போன் செய்தேன். "இத்தனை மாசமா ஏன் சொல்லாம கட்டினீங்க?"

"சொன்னா நீ துண்டிச்சிருப்ப. அவன் திரும்பி வந்தா இருட்டுலயா உக்காருவான்?"

போனை வைத்தேன். 'ஆஸ்பத்திரியில அப்பாவைப் பாக்க வராதவனுக்கு இந்த வீட்ல என்ன வேலை?' — சாவியை வீசிய அன்று அவனிடம் நான் கேட்டதுதான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தெரிந்தேதான் கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன்?

மார்ச் 9
படிவத்தைக் கிழித்தேன். அவனுக்கு எழுதினேன்: "தப்பா நெனச்சுட்டேன்டா. அன்னிக்குச் சொன்னதும் தப்பு. மாடில கரண்ட் இருக்கு."

மார்ச் 16
பதில் இல்லை.

மே 5, செவ்வாய்
மாடி பில். இந்த முறை மேலிருந்து கீழ்வரை படித்தேன். விநியோகக் கட்டணம் அதேதான். யூனிட், பதினேழு.

"பில்ல குடுக்கா, நான் கட்டுறேன்" என்று மாடிப் படியில் நின்று தம்பி கை நீட்டினான்.

"யூனிட்டுக்கு நீ கட்டு. கம்பிக்கு நான் கட்டுறேன்" என்றேன்.