தரை வழுக்கவில்லை

என் அன்பு மனைவியும் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு டீச்சருமான உனக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

பயப்படும்படி ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஷட்டில் போட்டி நடந்தது. இரட்டையரில் என் ஜோடி, பக்கத்துக் கட்டிலில் படுக்கும் கிரேன் ஓட்டுநர் அண்ணன்.

"நேத்து லீவுல நல்லா ரெஸ்ட் எடுத்தியாப்பா?" என்று ஆட்டத்துக்கு முன் கேட்டார். தலையாட்டிவிட்டேன். உண்மையில், அவர் டூட்டிக்குப் போன பிறகு அறையில் தனியாக உட்கார முடியாமல், நானே ஓவர்டைம் கேட்டு வாங்கிப் பன்னிரண்டு மணி நேரம் பெட்டி தூக்கியிருந்தேன்.

முதல் செட்டை எப்படியோ ஜெயித்தோம். இரண்டாவதில் என் கால் நகரவே இல்லை. "கால் சோர்ந்துட்டா நீங்க கையால எட்டப் பார்ப்பீங்க" என்பாயே, அதேதான். அவருக்கு வந்த பந்தை அடிக்க நான் எட்டி, தாமதமாகக் கையை வீசினேன். மட்டை அவர் புருவத்தில் பட்டது. மூன்று தையல். ஒரு வாரம் கிரேனில் ஏறக் கூடாதாம், கீழே வேலைதான்.

"தரை வழுக்கிடுச்சுண்ணே" என்றேன்.

"விடுப்பா, கண்ணு தப்பிச்சுதே" என்று தோளைத் தட்டினார்.

நீ தைத்த தலையணை உறை ஒன்று அனுப்பு. துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை. கூடவே என்னை நன்றாகத் திட்டி எழுது. இங்கே திட்ட ஆளில்லை.

நேற்று மாலை ஆடுகளத்துக்குப் போனேன். நெற்றிக் கட்டோடு அண்ணன் மண்டியிட்டு, தன் துண்டால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் மறுபடி வழுக்கிவிடக் கூடாதென்று.

ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். அண்ணன் தன் பக்கத்து சீட்டில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார்.

உன்னவன்