தக்காளி கடைசியில்

அன்புள்ள அக்காவுக்கு,

“அம்மா, தக்காளிய இப்ப போடாத.”

ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான். நுனி நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அன்று நடந்ததெல்லாம் அதிலிருந்து கிளம்பியதால் அதை முதலில் எழுதுகிறேன். நலம் விசாரிப்பதை வழியில் எங்காவது செருகிக்கொள்ளலாம். இங்கே இருவரும் சுகம்தான். அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் அடம்பிடிக்கிறது.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். அன்றைக்கு நீ அம்மாவின் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு வைத்ததிலிருந்து அந்தப் போனைக் கையில் எடுத்தாலே எனக்கு வார்த்தை வருவதில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று நீயே என்னைத் திட்டியிருக்கிறாய். எழுத வரும், அதனால் எழுதுகிறேன். மூன்று தாள்களைக் கிழித்தாகிவிட்டது. இதைக் கிழிக்கப் போவதில்லை.

நீ “அந்த ஆளு” என்று சொன்னவர் ஞாயிறு மதியம் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

நீ அவரைப் பார்த்ததில்லை. நானும் அதற்கு முன் சரியாகப் பார்த்ததில்லை. அம்மாவின் தையல் கடையில் மெஷின் மக்கர் செய்தால் கம்பெனியிலிருந்து பழுது பார்க்க வருபவர். வெகுநாள் வரை அம்மா அவரை “மெஷின்காரர்” என்றுதான் சொல்வாள். மெஷின்காரர் வந்தாரு, பெல்ட்ட மாத்தினாரு, போயிட்டாரு. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, “அவருக்கு இன்னைக்கு இருமலா இருந்துச்சு” என்றாள். எவருக்கு என்று நான் கேட்கவில்லை. அவருக்கு மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை என்பதெல்லாம் இப்படித் துண்டு துண்டாகத்தான் எனக்குத் தெரிந்தது.

பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டதை அம்மா உன்னிடம்தான் முதலில் சொன்னாள். “இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா, நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா” என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. “பெரியவ சரின்னா பாக்கலாம். இல்லன்னா விட்டுடலாம்” என்றாள், நிறம் ஒத்துப்போகாத துணியைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. சின்னவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் அவருடைய கம்பெனி அவரை வேறு ஊருக்குப் போகச் சொல்கிறது. போனால் அங்கேயேதான். இங்கே ஒரு காரணம் இருந்தால் மறுத்துவிடலாம், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். உன்னிடமிருந்து அதற்குள் ஒரு வார்த்தை வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு கூப்பிட்டாள்.

சமையல் நம் புள்ளிப் பயறு. கடைப் பொட்டலத்தில் பிண்டோ பீன்ஸ் என்று போட்டிருக்குமே, அதுதான். முதல் நாளே ஊறப் போட்டிருந்தாள். விருந்தாளிக்குப் போய்ப் பயறா என்றேன். அவர் முன்பு ஒரு நாள் கடையில் அவளுடைய மதியச் சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டாராம், அன்றும் இதே பயறுதானாம். “டப்பாவக் கழுவிக் குடுத்தாருடி” என்றாள். சற்று நேரம் கழித்து, நான் கேட்காமலே, “சோப்புப் போட்டுக் கழுவிக் குடுத்தாரு” என்றாள்.

காலையில் நான் வெங்காயம் நறுக்கிக் கொடுத்தேன். அடி கனத்த பெரிய பாத்திரத்தை ஏற்றினாள். எண்ணெயில் சீரகம், காய்ந்த மிளகாய், ஒரு முழுப் பூண்டு உரித்துப் போட்டது, வெங்காயம் எல்லாம் வதங்கி வீடு முழுக்க வாசனை. அப்போது அம்மா ஏதோ ஒரு பாட்டை முனகத் தொடங்கினாள். வார்த்தை இல்லை, ராகம்கூடச் சரியாக இல்லை. முனகிக்கொண்டே தக்காளியை அரிந்தாள், முனகிக்கொண்டே அதைப் பாத்திரத்தில் தள்ளினாள், அதன் மேல் பயறைக் கொட்டி வெந்நீர் ஊற்றினாள்.

இந்தச் சமையலை எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவள் திட்டித் திட்டிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். உனக்கும் சொல்லியிருப்பாள். “புளிப்பு பட்டா பயறு முறைச்சுக்கும்டி. வேகவே வேகாது. முதல்ல வேக விடு, அப்புறம் எதக் குடுத்தாலும் வாங்கிக்கும்.”

எனக்கு அச்சகத்தில் பிழை பார்க்கிற வேலை. பிழை என்றால் தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும். இதுவும் குத்தியது. ஆனால் சொல்லியிருந்தால் அந்த முனகல் நின்றிருக்கும், அக்கா. அவள் கை தடுமாறுவதை நான் கவனித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்பா போனதிலிருந்து அவள் பாடி நான் கேட்டதில்லை. வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஒரு கையில் பழப் பை. இன்னொரு கையில், பழக்கதோஷம், கருவிப் பெட்டி. “ஞாயித்துக்கிழம கூடவா பெட்டி?” என்று அம்மா கேட்டாள். “வெறும் கையோட நடக்க வரல” என்றார்.

வந்தவர் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். இதை உனக்கு எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். அவருக்குத் தெரியாது, ஜன்னல் பக்கம் காற்று வருகிறதென்று உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவும் பார்த்தாள், பயறுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்க்க உள்ளே போனாள். எனக்கும் பிடிக்கவில்லை, அக்கா. பிடிக்காமல் இருந்துகொண்டே அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் முடிகிறது என்பது எனக்கே புதிதாக இருந்தது.

“நீ நிறையப் படிப்பியாமே” என்று என்னிடம் கேட்டார். சும்மா கொஞ்சம் என்றேன். “நான் படிச்சது மெஷினோட வர்ற புத்தகம் மட்டும்தாம்மா. அதுலயும் கடைசிப் பக்கம்தான். நூல் அறுந்தா என்ன பண்றது, ஊசி ஒடஞ்சா என்ன பண்றது.” அவர் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் அலமாரியில் நேராக இருந்த புத்தகங்களையே நேராக அடுக்கினேன். உள்ளே மூடி திறக்கும் சத்தம், மூடும் சத்தம். சோறு வடித்து ஆறிப்போனது. ஒரு தரம் அவர் வயிறு உரக்கக் கூவியது. மூவருக்கும் கேட்டது. மூவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

உள்ளே போய் ஒரு பயறைக் கடித்தேன். தோல் இளகியிருந்தது, உள்ளே சுண்ணாம்புக் கட்டி. வெந்தால் புள்ளிகள் மறைந்து எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும் இல்லையா? இதில் புள்ளிகள் அப்படியே விழித்துக்கொண்டிருந்தன. “பழைய சரக்கு. கடைக்காரன் தலைல கட்டிட்டான்” என்றாள் அம்மா. ஆமாம்மா, பழசா இருக்கும் என்றேன். கொஞ்சம் சோடா போடலாமா என்று கேட்டதற்கு, “போடு, அப்படியே துணியையும் ஊற வெச்சுத் தொவைச்சுடலாம்” என்றாள். குக்கர் என்று வாய் திறப்பதற்குள், “அதுல வெச்சா தோல் ஒரு பக்கம், பயறு ஒரு பக்கம்” என்றாள்.

மறுபடி கிளறியபோது கரண்டியில் தக்காளித் தோல் ஒன்று சுருண்டு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இத நான் எப்பப் போட்டேன்?”

நான் அடுப்பைப் பார்த்தேன்.

“நீ பாத்தியாடி?”

“இல்லம்மா.”

திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “உங்கப்பாவுக்கு எத்தன வருஷம் பண்ணிப் போட்டிருக்கேன், ஒரு நாள் தப்பினதில்ல. இன்னைக்குப் பாரு, பொண்ணு பாக்க வந்தாப்பல கை நடுங்குது.” சிரிப்பு அடங்கிய பிறகு, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், “பெரியவ ஒரு வார்த்த பேசியிருந்தா நடுங்கியிருக்காது” என்றாள்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். “பதிலும் இல்ல, பயறும் வேகல. இப்படி ஒரு வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கீங்க.” அவர் எழுந்து நின்றார். முகம் வாடியதை நான் பார்த்தேன். உடனே சரிசெய்துகொண்டு, “முதல்ல பயறு வேகட்டும். வெறும் வயித்துல நல்ல பதில் வராது” என்றார்.

வெயில் சாய்ந்த பிறகு சாப்பிட்டோம். அப்போதும் முக்கால் வேக்காடுதான். குழம்பு மட்டும் அருமையாக இருந்தது. அவர் சத்தம் கேட்க மென்று, “பல்லுக்கு நல்லது” என்றார். மிச்சத்தை வாங்கிக்கொண்டு போனார். பழைய டப்பா, அதே டப்பா. படியிறங்கும்போது கருவிப் பெட்டியை மறந்துவிட்டார். நான்தான் ஓடிப்போய்க் கொடுத்தேன். “அம்மாவ அவசரப்படுத்தாதம்மா” என்றார். “நான் அங்க போனாலும் ஒண்ணும் ஆயிடாது.” ஒன்றும் ஆகிவிடாது என்று சொல்கிறவர் முகமா அது?

மறுநாள் கடைக்கு வந்தாராம். டப்பா திரும்ப வந்தது, கழுவியது, ஆனால் காலியாக இல்லை. தன் அடுப்பில் மறுபடி ஏற்றி, தண்ணீர் விட்டு விட்டு வேகவைத்து, பாதியை அம்மாவுக்குக் கொண்டு வந்திருக்கிறார். வெண்ணெய் மாதிரி இருந்தது. புள்ளி ஒன்றுகூட இல்லை. “பிடிவாதமான பயறும் வேகும் போல” என்று அம்மா எனக்கும் ஒரு கரண்டி வைத்தாள். அன்றிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். நீ இல்லை என்றால் மறுபடி மிதிக்கிறாள். மாதம் முடியப் போகிறது.

அக்கா, நீ அப்பாவின் பெண். எனக்குத் தெரியும். அவருடைய இடத்தை யாருக்கும் தர வேண்டாம். அந்த நாற்காலியைக்கூட நான் என் அறைக்கு நகர்த்திக்கொள்கிறேன். சரி என்று சொல்லச் சொல்லியும் நான் கேட்கவில்லை. உனக்கு அது வராது என்றால் அவரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதே. அம்மாவைக் கூப்பிட்டு, புள்ளிப் பயறு எப்படி வைப்பது என்று மட்டும் கேள். உன் குளிர் ஊரில் அது மூட்டை மூட்டையாகக் கிடைக்குமே. ஊற வைப்பதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்வாள். இடையில் நீ அவளைத் திட்ட முடியாது, அவளும் அழ முடியாது. இரண்டு பேருக்கும் அதுதான் நல்லது.

குழந்தைக்குச் சளி விட்டுவிட்டதா? கம்பளிச் சட்டையின் கையை நீட்டித் தைத்து அனுப்ப அம்மா அளவு கேட்கிறாள். அதையும் அவளிடமே சொல்லேன்.

நீயும் உன் வீடும் குறையில்லாமல் இருக்க வேண்டும். கோபம் இருந்தால் இருக்கட்டும், அதோடு சேர்த்தே ஒரு தரம் கூப்பிடு.

உன்
சின்னவள்

*

அக்காவுக்கு,

நீ கூப்பிட்டபோது நான் வேலையில் இருந்தேன். வந்ததும் அம்மா சொன்னாள். பயறு எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்றாயாம், பூண்டு உரித்தா உரிக்காமலா என்றாயாம். “தக்காளி கடைசிலதான்னு ரெண்டு தரம் சொல்லிட்டேன். அவளுக்கு எதையும் ரெண்டு தரம் சொல்லணும்” என்றாள். போனை வைக்கப் போகும்போது, அவருக்குக் காரம் ஒத்துக்குமா என்று கேட்டாயாமே. அதைச் சொல்லும்போது அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாமலே கோத்துவிட்டாள்.

கம்பளிச் சட்டையின் அளவு கிடைத்தது. தைத்தாயிற்று. தனித் தபாலில் வருகிறது.

அவர் அந்த ஊருக்குப் போகவில்லை.

சின்னவள்