முப்பத்தொன்றாம் தேதிக்குள் தேற வேண்டிய வண்டி

அக்டோபர் 4, சனி

பெட்ரோல் போடப் போனேன். குழாயை அழுத்தினால் டக் என்று நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி டக். நாற்பது தடவையாவது அழுத்தியிருப்பேன், பாதித் தொட்டிகூட நிரம்பவில்லை. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தே என்னைத் துரத்திவிட்டார். சாலைக்கு வந்தால் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிகிறது.

வீடு வரை ஜன்னலைத் திறந்தபடியே ஓட்டினேன். வெடித்தால் குதிக்க வசதியாக இருக்கட்டும் என்று.

என் கணவன் ஃபகுண்டோவிடம் சொன்னேன். "வெடிக்கப் போற வண்டி, வெளக்குப் போட்டுச் சொல்லிட்டா வெடிக்கும்?" என்று கேட்டுவிட்டு பீன்ஸ் கிண்டப் போய்விட்டான். இந்த மனிதனுக்குப் பதற்றம் என்பதே வராது. போன வருஷம் வலிப்பு வந்து விழுந்து எழுந்தபோதுகூட முதலில் கேட்டது, அடுப்பில் வைத்த ரொட்டி கருகிவிட்டதா என்றுதான். அன்றிலிருந்து அவன் வண்டி ஓட்டக் கூடாது. வீட்டில் ஓட்டுபவள் நான் ஒருத்திதான்.

அக்டோபர் 6, திங்கள்

உதிரிபாகக் கடைப் பையன் ஒரு கருவியைச் செருகிப் பார்த்தான். "பெட்ரோல் டேங்க் மூச்சு விடுற வால்வு போச்சு. வென்ட் சொலினாய்டு. மண் ரோட்டுல ஓடுற வண்டியா?"

"பத்தொன்பது வருஷமா மண் ரோட்டுல தபால் போடுறேன்."

"அப்ப தூசிதான். வெடிக்கல்லாம் செய்யாது." நான் கேட்காமலே சொன்னான். முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போல.

நிம்மதி ஒரு மணி நேரம்தான். விளக்கு எரிந்தால் புகைச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாமல் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பதிவு இந்த 31 வரைதான். தபால் வண்டி என் சொந்த வண்டி. பதிவில்லாத வண்டியில் தபால் எடுக்க விடமாட்டார்கள். போஸ்ட் மாஸ்டர் அம்மா நல்லவர்தான், ஆனாலும் சொல்லிவிட்டார்: "ஒண்ணாம் தேதி பேப்பர் இல்லேன்னா, ரூட்டை வெர்லிண்டாகிட்ட குடுக்கணும், ஜெனோவேவா. வேற வழி இல்ல."

வெர்லிண்டா எனக்கு மாற்று ஆள். நிரந்தர வேலைக்காக ஆறு வருஷமாகக் காத்திருக்கிறாள். அவள் அப்போது கடிதம் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. காது நிமிர்ந்திருக்கும்.

அக்டோபர் 8, புதன்

மெக்கானிக் நவம்பர் பத்துக்குத்தான் நேரம் தருகிறார். மற்ற இரண்டு பேரும் அப்படியே. நானே மாற்றுவது என்று முடிவு.

அக்டோபர் 12, ஞாயிறு

மாற்றிவிட்டேன்!

முதலில் பேட்டரியைக் கழற்றினேன். பெட்ரோல் தொட்டி பக்கத்தில் ஒரு பொறி பறந்தால் போதுமே. பிறகு பின்னால் தொங்கும் மாற்றுச் சக்கரத்தை இறக்கினேன். துரு. ஒரு மணி நேரம் அதற்கே போயிற்று. ஃபகுண்டோ டார்ச் பிடித்தான். "ரொம்ப ஆட்டாத." "நான் ஆட்டல, நீதான் ஆடுற."

வண்டிச் சட்டத்தின் உள்பக்கம் ஒளிந்துகொண்டு, உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா. இரண்டு குழாய், ஒரு மின் இணைப்பு, ஒரு போல்ட். இதற்காகவா ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் கிடந்தேன்? குழாயைப் பிடுங்கியதும் முகமெல்லாம் செம்மண். உள்ளே ஒரு சிலந்திக் கூடு வேறு. மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் பழையது பேசாமல் கிடந்தது. புதியது 'டிக்' என்றது. அந்தச் சத்தத்துக்கு நான் அழுதுவிட்டேன். ஃபகுண்டோ வெங்காயம் உரிக்கப் போவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டான். அவன் கண்ணும் சரியில்லை.

பேட்டரியை மாட்டி எஞ்சினைக் கிளப்பினேன். விளக்கு இல்லை!

அக்டோபர் 13, திங்கள்

விடுமுறை. ஐந்து முறை வண்டிக்கு அடியில் முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனை வருகிறதா, வரவில்லையா? ஃபகுண்டோ வரவில்லை என்கிறான். அவன் மூக்கை நம்ப முடியாது. குழாயைச் சரியாகத்தான் சொருகினேனா? வண்டிக் கொட்டகை வீட்டோடு ஒட்டியது. பொழுது சாய்ந்ததும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டேன். எதற்கு வம்பு.

அக்டோபர் 18, சனி

தேறவில்லை.

சோதனைக் கடைக்காரர் அப்போலோனியோ கருவியைச் செருகினார், உதட்டைப் பிதுக்கினார். "வெளக்கு எரியல, சரி. ஆனா வண்டியோட கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதிச்சு முடிக்கலேங்குது. நாலு சோதனை பாக்கி. முடியாம நான் சான்றிதழ் குடுக்க முடியாது."

"எப்ப முடிக்கும்?"

"ஓட்டணும். ராத்திரி பூரா ஆறின எஞ்சினைக் காலைல கிளப்பி, நெடுஞ்சாலைல இருபது முப்பது நிமிஷம் ஒரே வேகத்துல விடுங்க. நடுவுல நிறுத்தாம."

நெடுஞ்சாலை. நாற்பதாம் எண். லாரிகள்.

மூன்று வருஷமாக நான் அதில் ஏறியதில்லை. கணவாயில் என் பக்கத்தில் போன ஒரு பெரிய லாரியின் டயர் வெடித்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை. வண்டிக்கும் இல்லை. அதுதான் வெட்கம், ஒன்றுமே ஆகாததற்கு மூன்று வருஷமாக நடுங்குகிறேன். பக்கத்திலேயே பழைய சாலை போகிறது, அதில் ஊர்ந்து போய் வருகிறேன். கேட்டால், காட்சி அழகாக இருக்கும் என்பேன்.

என் வேலையும் தோதாக இல்லை. ஒரு நாளைக்கு நானூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டி, நானூற்றுப் பன்னிரண்டு நிறுத்தம். ஸ்டீயரிங் இடப்பக்கம், பெட்டிகள் சாலையின் வலப்பக்கம் என்பதால் வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்டீயரிங்கையும் இடது காலால் பெடலையும் பிடித்தே ஓட்டுகிறேன். இருபது நிமிஷம் நிற்காமல் என் வண்டி ஓடியதே கிடையாது.

அக்டோபர் 22, புதன்

தினமும் வேலைக்கு முன்னால் பழைய சாலையில் ஓட்டுகிறேன். இன்று பதினெட்டு நிமிஷம் வரை வந்தேன். ஒரு மாட்டு வண்டி... இல்லை, மாடு ஏற்றிய டிரெய்லர், அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். வீடு வந்ததும் வழக்கம்போலப் பேட்டரி கழற்றியாயிற்று. அந்த ஒரு காரியமாவது ஒழுங்காகச் செய்கிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

நான் ஒரு முட்டாள். முட்டாள், முட்டாள்!

வெர்லிண்டா இன்று சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றாள், கையில் அந்தச் செருகிப் பார்க்கும் கருவியோடு. எதற்கு வந்திருக்கிறாள், எவ்வளவு பாக்கி என்று வேவு பார்க்கவா? ஃபகுண்டோ அதற்குள் அவளை உட்காரவைத்து, பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிக் கொடுத்துவிட்டான்.

நான் வண்டியை நிறுத்தி, பழக்கத்தில் பேட்டரி ஸ்பானரை எடுத்தேன்.

"என்னக்கா பண்றீங்க?"

"பேட்டரியக் கழட்டுறேன். தெனமும்தான். தீப்பிடிச்சா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். "தெனமுமா? அக்கா, பேட்டரியக் கழட்டினா கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மறந்துடும். பகல் முழுக்கப் படிச்சதை நீங்க சாயங்காலம் ஆனா அழிச்சிருக்கீங்க."

பன்னிரண்டு நாள். ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்! என் ரூட்டை வேறு யாரும் பறிக்க வேண்டாம், நானே போதும். ஃபகுண்டோ சிரிக்கவில்லை. அவனே சிரிக்காததில் இன்னும் பயந்துபோனேன்.

வெர்லிண்டா வண்டிக்கு அடியில் படுத்து முகர்ந்தாள். குழாய்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். "கச்சிதமா மாட்டியிருக்கீங்க. ஒரு வாசனையும் இல்ல. ஞாயித்துக்கெழமை காலைல வர்றேன். நெடுஞ்சாலைல நானே ஓட்டுறேன், நீங்க சும்மா உட்காருங்க."

கேட்டேவிட்டேன். "நான் தேறலேன்னா ரூட் உனக்குத்தானே. ஏன் உதவுற?"

"ரூட் வேணும்க்கா. ரொம்ப வேணும். ஆனா உங்க வண்டி படுத்ததால வந்துச்சுன்னா, நானூறு வீட்டுலயும் நாய அவுத்து விட்ருவாங்க."

அக்டோபர் 25, சனி

பேட்டரி மாட்டியபடியே இருந்தது. தூக்கம் இல்லை. வீடு இருக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் வெளியே நாற்பத்து நான்கு டிகிரி ஃபாரன்ஹீட், நல்ல குளிர். நாற்பதுக்குக் கீழே போனால், பாக்கி நான்கில் ஒன்றான பெட்ரோல் தொட்டிச் சோதனை நடக்காதாம். நான்கு மணியிலிருந்து வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெர்லிண்டா ஓட்டினாள். நான் வலது இருக்கையில். கிழக்கே மொரியார்ட்டி ஊர்ப் பக்கம், நேரான சாலை. ஏறியதுமே இரண்டு லாரி. அந்த இருக்கையில் உட்கார்ந்தால் ஓட்டுவது நான்தான் என்று என் உடம்பு நினைத்துக்கொள்கிறது. இடது கால் தானாகப் போய்ப் பிரேக்கைத் தேடுகிறது.

"அக்கா, அது என் கால்!"

"தெரியும்."

"தெரிஞ்சா எடுங்க!"

மூன்றாவது லாரி கடந்தபோது மறுபடி மிதித்தேன். வண்டி குலுங்கியது. வெர்லிண்டா வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு அடுத்த வெளியேறும் வழியில் இறக்கி நிறுத்தினாள். "இப்படியே போனா நாம ரெண்டு பேருமே ரூட்டுக்கு இருக்க மாட்டோம். ஒண்ணு நீங்க பின்னால ஏறிக்குங்க, இல்ல நீங்களே ஓட்டுங்க."

அழுதேன். அவள் பொறுமையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்து பயப்படுவதற்கு ஓட்டிக்கொண்டே பயப்படலாம் என்று தோன்றியது. இடம் மாறினோம்.

அறுபது மைல் வேகம். உள்ளங்கை வழுக்கியது. லாரி வரும்போதெல்லாம் சத்தமாக எண்ணினேன். வெர்லிண்டாவும் சேர்ந்து எண்ணினாள். பதினேழாவது லாரி தாண்டியதும் கருவியைப் பார்த்து, "மூணு முடிஞ்சிருச்சு" என்றாள். நான்காவது, அந்தத் தொட்டிச் சோதனை, மொரியார்ட்டி தாண்டி முடிந்தது. திரும்பலாமா என்றாள். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

தேறியது. பதிவு ரசீதைப் போஸ்ட் மாஸ்டர் அம்மாவிடம் கொடுத்தேன். வெர்லிண்டா கடிதம் அடுக்கிக்கொண்டிருந்தாள். "நல்லதுக்கா" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 8, சனி

பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு சனிக்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். சனிக்கிழமைகளை இனி வெர்லிண்டாவே வைத்துக்கொள்ளட்டும் என்று போஸ்ட் மாஸ்டர் அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்றுப் பனி பெய்ததால் அவள் சின்னக் கார் மண் சாலையில் ஏறாது. என் வண்டியைக் கொடுத்தேன்.

பதினொரு மணிக்கு எங்கள் பெட்டியருகே வண்டி நின்றது. பெட்டியில் போடாமல், அவள் இறங்கிப் பனியில் நடந்து வாசலுக்கு வந்து ஒரு உறையை நீட்டினாள். பதிவு புதுப்பித்ததற்காக, நம்பர் பலகையில் ஒட்டும் புது வருஷச் சீட்டு. "உங்க வண்டிக்குத்தான் வந்திருக்கு" என்றாள்.

இருவருமாகப் பின்பக்கம் போனோம். அவள் கைக்குட்டையால் பலகையின் ஈரத்தைத் துடைத்தாள், நான் ஒட்டினேன். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றதை அவள் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள். பிறகு வலது இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இன்னும் இருநூறு பெட்டி இருக்கிறது என்று கிளம்பிப் போனாள்.