காலிப் பெட்டி கேட்ட டீச்சர்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து தூறல். வாசலில் சாக்கு விரித்தும் கடைக்குள் சேறு. தம்புள்ளை லொறி வரவில்லை. வழியில் டயர் போய்விட்டதாம், டிரைவர் சொன்னான். போனில் பின்னால் "மூட்டையைத் திருப்பு" என்று யாரோ கத்துவது கேட்டது. வேறு கடையில் இறக்குகிறான், கள்ளன்.

மாலையில் மலர்விழி டீச்சர். மகள் நித்யாவின் (நி.) டீச்சர். ஸ்கூலில் விசேட கல்விப் பிரிவுக்கு இருக்கும் ஒரே ஆள். சீனி, பால்மா எதுவும் வாங்கவில்லை.

"முதலாளி, காலிப் பெட்டி இருந்தால் தருவீங்களோ? பெரிசா வேணும்."

சோப்புப் பெட்டிகளைக் காட்டினேன்.

"ஐயோ, சோப்புப் பெட்டி வேண்டாம். பிஸ்கட் பெட்டி இருக்கோ?"

"எதுக்கு டீச்சர்?"

"ஒரு வேலை இருக்கு." சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பெரிய காலிப் பெட்டி கேட்கிறவர் வீடு மாறுகிறார். இது கடைக்காரனுக்குத் தெரியும். சோப்புப் பெட்டி வேண்டாம் என்றால் உடுப்பு அடுக்க. வாசனை ஏறிவிடும் அல்லவா. டீச்சருக்கு ஊர் யாழ்ப்பாணம், இங்கே கண்டியில் போர்டிங். ஊருக்கு இடமாற்றம் எடுத்துவிட்டார். சொல்லாமல் போகப் பார்க்கிறார்.

ஜூன் 12, வியாழன்

மனசு சரியில்லை. இவர் வருமுன் நி. இருந்த நிலை. பழைய டீச்சர் பென்ஷன் போனதும் பிரிவைப் பூட்டிவிட்டார்கள். சாதாரண வகுப்பில் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவருவாள். பிறகு ஸ்கூலே இல்லை. கடையில், வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால், நாள் முழுக்க. இப்போது கல்லாப் பக்கத்தில் நின்று பை மடிக்கிறாள். ஆட்களைப் பார்த்து "வாங்க" என்கிறாள். முதல் தடவை சொன்ன அன்று மனைவி ரமணி உள்ளே போய் அழுதாள்.

டீச்சர் போனால் பிள்ளை திரும்பவும் மூட்டைக்குப் பின்னால்.

இன்று: எலி மருந்து. தராசுக்கு முத்திரை. பிரின்சிபால்.

பிரின்சிபால் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மாற்றமா? எனக்குத் தெரியாதே ஐயா."

"அவங்க போனா வேற ஆள் வருவாங்களா?"

"தமிழ்ல ட்ரெயினிங் எடுத்தவங்க எங்க இருக்காங்க? கண்டா நீங்களே கூட்டிட்டு வாங்க." சிரிப்பு வேறு. எதையோ மறைக்கிறார்.

ரமணி: "டீச்சர்கிட்டயே நேரா கேளுங்களேன்."

"கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க."

"உங்களுக்கு எல்லாருமே அந்த லொறி டிரைவர்தான்."

ஜூன் 16, திங்கள்

கல்வி ஆபீசில் தெரிந்த சிங்கள மஹத்தயா ஒருவர், பெரிய அதிகாரி. சித்திரை வருஷத்துக்கும் வெசாக் பண்டிகைக்கும் அவருக்குச் சாமான் நம் கடையில்தான். போன் எடுத்தேன். டீச்சர் பெயர், ஸ்கூல், தமிழில் விசேட கல்விப் பயிற்சி எடுத்தவர், கெட்டிக்காரி, மாற்றம் கேட்டால் கொடுக்கவேண்டாம். எல்லாம் சொன்னேன்.

"அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா?" சிங்களத்தில், ஆச்சரியமாக. பெயரைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். எத்தனை பிள்ளைகள் என்றும் விசாரித்தார். விவரமான மனிதர்.

காரியம் முடிந்தது.

ஜூன் 20, வெள்ளி

வெயில். நி.யைக் கூட்டிவர நானே போனேன். பிரிவு மண்டபத்து மேடைக்குப் பின்னால். பக்கத்தில் ஐந்தாம் வகுப்புக் கூச்சல். ஒவ்வொரு மேசையிலும் நம் பிஸ்கட் பெட்டி! முன்பக்கத்தை வெட்டி, மூன்று பக்கமும் சுவர் மாதிரி நிறுத்தியிருக்கிறார். நி. அதற்குள் தலையை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். காதைப் பொத்தவில்லை.

"ஆளுக்கொரு கடை, முதலாளி," என்றார் டீச்சர். "சோப்பு மணத்துக்கு ரெண்டு பேர் எழும்பி ஓடிடுவினம். அதுதான் வேண்டாமெண்டனான்."

"நீங்க ஊருக்குப் போறீங்கன்னு நெனச்சேன்."

"நானோ? இவையளை விட்டுட்டோ? ஆர் சொன்னது?"

மழுப்பினேன். வந்ததும் மஹத்தயாவுக்குப் போன். எடுக்கவில்லை. மீட்டிங்காக இருக்கும். இல்லை, என் நம்பரைப் பார்த்துத்தான் எடுக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. டீச்சர் திங்கள் முதல் புதன் வரை பக்கத்து ஊர் கம்பளையில் ஒரு ஸ்கூலுக்கு. அங்கே பிரிவு ஆள் இல்லாமல் கிடக்கிறதாம். இங்கே வியாழன், வெள்ளி மட்டும்.

பிரின்சிபால்: "இவ்வளவு காலமா சத்தம் காட்டாம வச்சிருந்தோம் ஐயா. ஆபீஸ்ல யாருக்கும் ஞாபகமே இல்ல. எவனோ போன் பண்ணிக் காட்டிக் குடுத்திருக்கான்."

இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

வீட்டில் ரமணி: "யாரா இருக்கும்?" மிளகாய் நிறுக்க எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 30, திங்கள்

மழை. நி. சீருடையோடு வாசலில். டீச்சர் இன்று வரமாட்டார் என்றேன், ஏற்கவில்லை. ஸ்கூல் வரை கூட்டிப்போய்ப் பிரிவுக் கதவில் பூட்டைக் காட்டினேன். திரும்பி வந்து நேரே மூட்டைக்குப் பின்னால். புத்தகப் பையைக் கழற்றவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பருப்பு ஏறியிருக்கிறது. கம்பளை பரீத் நானா சரக்கு எடுக்க வந்தார். எத்தனையோ வருடமாக வாடிக்கை. அவருக்கும் நி. மாதிரி ஒரு மகன் வீட்டோடு இருப்பது இன்றுதான் தெரியும்.

"மகனுக்கு டீச்சர் வந்திட்டாங்க முதலாளி, அல்ஹம்துலில்லாஹ்! கண்டியில ஆரோ ஒரு மனிசன் ஆபீசுக்குப் போன் எடுத்தாராம். ஆரெண்டு தெரியா. அவருக்காக அல்லாஹ்கிட்ட துஆ கேட்டுக்கிட்டே இருக்கன்."

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமான சந்தோஷம்.

"டீச்சர் பெரிய காலிப் பெட்டி கேட்டாங்க. இருக்கா?" சோப்புப் பெட்டிகள் பக்கம் போனார்.

"அது வேண்டாம் நானா. பிஸ்கட் பெட்டி தர்றேன்."

அவை மூட்டைகளுக்குப் பின்னால். போய் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. நி. அதற்குள் தலையை வைத்துக்கொண்டிருந்தாள்.