புவனேஷ் போட்ட பக்கத்தில் பேக் பட்டன்

புனே

அன்புள்ள முருகம்மாளுக்கு,

தப்பு உன் தம்பி மகன் புவனேஷுடையது, என்னுடையது அல்ல. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நம் குற்றாலம் வீட்டில் சீசனுக்கு அறை கேட்டு, என்னோடு கிடங்கில் வேலை பார்ப்பவர், புவனேஷ் செய்து தந்த நம் இணையப் பக்கத்தில் படிவம் நிரப்பினார். நடுவில் விதிமுறை ஆவணத்தைத் திறந்தவருக்கு, திரும்பி வர பேக் பட்டன் வேலை செய்யவில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு வேறு விடுதி பிடித்துவிட்டார். பிறகு நானும் திறந்து அமுக்கிப் பார்த்தேன்; எனக்கும் அதே கதைதான்.

புவனேஷிடம் சொன்னால், "மாமா, நீங்க எதையாவது மாத்தி அமுக்கியிருப்பிய" என்கிறான்.

"ஏலே, ஒரே பட்டனைத்தான் பதினோரு மட்டம் அமுக்குனேன்" என்றேன்.

ஆவணம் உலாவியில் புது டேபில் திறக்கிறது. புது டேபுக்குப் பின்னால் போக இடம் ஏது? படிவம் பக்கத்து டேபில் சும்மா கிடக்கிறது.

புவனேஷ் விதிமுறைகளைப் படிவத்துக்கு மேலேயே எழுத வேண்டும். முடிக்கும்வரை நீ அவன் அருகில் நிற்க வேண்டும். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. சாரல் அடிக்கும்போது எனக்குப் போன் போட்டு, போனைச் சன்னலில் கொஞ்ச நேரம் வை, சத்தம் கேட்டுக்கொள்கிறேன்.

சிவனணைந்தபெருமாள்