ஐந்து மணிக் கப்பல்

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
27.9.2004

வடகடலின் வானொலிச் சக்கரவர்த்தி, அனுமதிப்பத்திரமில்லாத கடற்கொள்ளைக்காரன், என் மருமகன் பேனாட்டுக்கு,

இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். பதினொரு வருடமாக ஞாயிறு ஐந்து மணிக்கு வானொலியில் என் குரலைக் கேட்காமல் ஒஸ்லோத் தமிழர் எவரும் தேத்தண்ணி குடித்ததில்லை. நான் இருமினால் எங்கோ ஸ்தவாங்கர் நகரில் சளி பிடிக்கும். இப்போது பார்! நாட்டுக் கடல் எல்லைக்கு வெளியே நங்கூரமிட்ட துருப்பிடித்த வானொலிக் கப்பலுக்குச் சமைக்கப் போன நீ, அதே ஐந்து மணிக்குத் தமிழ்ப் பாட்டுப் போடுகிறாய்.

போன ஞாயிறு என் அரைமணி நிகழ்ச்சியை முடித்துவிட்டு ரொம்மனுக்கு உன் அம்மாவிடம் போனேன். "உஷ், பொறு எலியாஸ், பிள்ளை கதைக்கிறான்" என்றார். சொந்த அக்கா எனக்கு "உஷ்"! பாப்பரசர் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேரத்தை மாற்று.

பதவி பறிபோகும் நிலையில்,
எலியாஸ் மாமா

கப்பலிலிருந்து
10.10.2004

அன்பு மாமாவுக்கு,

சாமான் படகில் உங்கள் கடிதம் வந்தது. சிரித்த சிரிப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. கப்பல்காரர் நித்திரை கொள்ளும் அந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்குக் கிடைத்தது, மாற்ற முடியாது.

24ஆம் திகதி அம்மாவுக்கு அறுபது. வாழ்த்து உங்கள் குரலில் வந்தால்தான் அது வாழ்த்து என்பார். பெயர்ப் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். போனமுறை விடுபட்ட புளோறன்ஸ் மாமி நத்தார்ப் பண்டிகைக்கே வரவில்லை. என் பெயர் கடைசியில் போதும்.

பேனாட்

ட்வெய்ட்டா
25.10.2004

பேனாட்,

இன்று உனக்குச் சூட்டப் பட்டம் எதுவும் வரவில்லை.

நேற்று இருபத்தாறு பெயர் வாசித்தேன். இருபத்தேழாவது உன்னுடையது. வேண்டுமென்றே விட்டேன். மகன் பெயரைக் கேட்டதும் அக்கா உருகுவார், நான் வாசித்ததெல்லாம் வீண் என்றது மனம். எப்படியும் உன் கப்பலைத்தானே கேட்பார், யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன்.

புயலில் உன் கப்பல் ஊமையானது எனக்குத் தெரியாது. உன்னைத் தேடிக் களைத்து அக்கா வானொலியை என் பக்கம் திருப்பியிருக்கிறார். எல்லோர் பெயரும் வந்தது, உன் பெயர் வரவில்லை. நான் போனபோது கேக் வெட்டாமலே இருந்தது. செபமாலையோடு நிலத்தில் கிடந்தார். "என்ர பிள்ளைக்கு என்னடா நடந்தது? உனக்குத் தெரியும், சொல்லு!"

கடல் மீட்புக்காரர் உங்களோடு கதைத்து, எல்லோரும் சுகம் என்று சொல்ல மூன்று மணித்தியாலம். அதுவரை என் சட்டையை விடவில்லை. பிறகு, உன் பெயரை ஏன் வாசிக்காமல் விட்டேன் என்று கேட்டார். பட்டியலில் நீ உன் பெயரை எழுதவில்லை என்றேன். அக்கா கேட்டால் ஓம் என்று சொல்லிவிடு, கும்பிட்டுக் கேட்கிறேன்.

மாமா

கப்பலிலிருந்து
3.11.2004

மாமா,

ஒலிபரப்புக் கம்பம் முறிந்ததோடு தப்பினோம். கரைக்குப் போனபோது அம்மாவோடு கதைத்தேன். "பெத்த தாய்க்கு வாழ்த்துச் சொல்ல மறந்தனியோ?" என்றார். ஓம் என்றேன். அவருக்கு ஒஸ்லோவில் வேறு தம்பி இல்லை, அதற்காக.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

பேனாட்

ட்வெய்ட்டா
9.11.2004

மருமகனுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றைப் பொறுத்துக்கொள்.

நேற்று அக்கா புட்டு வைத்து, "என்ர பிள்ளை மறந்தாலும் நீ மறக்கேல்லை" என்றார். பதினொரு வருடமாக நான் ஆசைப்பட்ட பாராட்டு. புட்டைத் தள்ளிவைத்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அக்கா புட்டுக் கோப்பையை எடுத்துவிட்டார்.

"பொறாமையோ?"

"ஓம்."

பிறந்ததிலிருந்து நான் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னது நேற்றுத்தான்.

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: "வாற ஞாயிறு முழுசாத் திருப்பி வாசி. அவன்ர பேரை முதல்ல வை. ஏன் விட்டனான் எண்டும் சொல்லு."

ஒஸ்லோத் தமிழர் அத்தனை பேருக்கும்! சொல்வேன்.

கம்பத்தை நிமிர்த்திவிட்டீர்களாம். ஐந்து மணிக்கு நீயும் பாட்டைப் போடு. நான் முடித்ததும் அக்கா உன் பக்கம் திருப்பிவிடுவார். எனக்கு எரியும். எரியட்டும்.

எலியாஸ்